ஆள் நிறைந்த கரையில் ஓர் எழுத்து வீடு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள மாவட்டக் கடற்கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரின் குருசடியை, அதாவது சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடத்தை, தாண்டி நடந்தால் சற்று நேரத்தில் அடுத்த ஊரில் வலை காய்வது கண்ணில் படும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். கடலோரத்தில் நெருக்கம் இதைவிட அதிகம் என்பதை அங்குள்ள சந்துகளில் ஒருமுறை ஆட்டோவில் போனவர்கள் அறிவார்கள். ஆகவே, கடலோரத்தில் தனித்திருந்து எழுதவும் வரையவும் ஒரு வீடு இருக்கிறது என்றும், அது நீரோடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் நான் சொன்னபோது மார்த்தாண்டத்தில் என் உறவினர்கள் சிரித்ததில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரையில் நீரோடிதான் கடைசி ஊர். அதைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர் பகுதி. அதற்கும் அப்பால் பூவாறில் நெய்யாறு கடலில் கலக்கிறது.

அந்த வீட்டில் நான் தங்கியிருந்து ஒரு மலையாள நாவலைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையின் பெரும்பகுதியைச் செய்தேன். அங்கே கிடைத்த தனிமை எப்படிப்பட்டது, அதை யார் உண்டாக்குகிறார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். தம் பெயரையும் வீட்டின் சரியான இடத்தையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், இன்று பாசியும் குப்பையும் அடைத்துக் கிடக்கிறதே, அதற்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் ஓடு வேய்ந்த பழைய வீடு அது என்று மட்டும் சொல்லலாம். பெயர்ப்பலகை கிடையாது. ஒரே சமயத்தில் மூன்று பேருக்குமேல் தங்க இடமும் கிடையாது.

எழுத்தாளர்களும் கலைஞர்களும் சில காலம் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டு ரெசிடென்சிகளைப் பற்றிப் படிக்கும்போது தனிமை என்பது பெரும்பாலும் தூரத்தால் கிடைப்பதாகவே தோன்றும். அமெரிக்காவில் கேப் காட் முனையின் மணல்மேடுகளில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத மரக்குடில்கள் இருக்கின்றன. கலைஞர்கள் அங்கே போய்த் தங்குகிறார்கள், அடுத்த மனிதரைப் பார்க்க மணலில் வெகுதூரம் நடக்க வேண்டும். 1907-இல் நியூ ஹாம்ப்ஷயரில் எட்வர்ட் மெக்டவல் என்ற இசையமைப்பாளரும் அவர் மனைவி மரியனும் தம் பண்ணை நிலத்தில் தொடங்கிய இல்லமும் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் தனித்தனிக் குடில்களால் ஆனதுதான். ஆனால் அந்த இல்லத்தைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி காட்டைக் குறித்ததல்ல. மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில் வைத்து, கதவைத் தட்டாமல், குடிலின் வாசலில் வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தைக் குறித்தது. மரங்கள் செய்யாத காரியத்தை அந்தக் கூடை செய்கிறது. எங்கள் கரையில் காடும் இல்லை, மணல்மேடும் இல்லை. கூடை ஒன்றை மட்டும்தான் இங்கே கொண்டுவர முடியும். அதைத்தான் அந்த வீட்டுக்காரர் செய்திருக்கிறார்.

நீரோடிப் பக்கத்து வீட்டில் கூடைக்குப் பதில் எவர்சில்வர் தூக்குப்பாத்திரம். ஒவ்வோர் அறையின் கதவுக்கு வெளியிலும் சுவரில் ஒரு இரும்புக் கொக்கி அடித்திருக்கிறார்கள்; மதியம் பன்னிரண்டரைக்கு மூன்றடுக்குத் தூக்கு அதில் வந்து தொங்கும். மேல் அடுக்கில் சாளையோ அயிலையோ அன்று கரையில் மலிவாகக் கிடைத்த மீனின் கறி, நடு அடுக்கில் பயறோ அவியலோ, கீழே சம்பா அரிசிச் சோறு. சில நாள் சோற்றுக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்து மசித்தது. காலை ஆறு மணி முதல் ஒரு மணி வரை அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. கைப்பேசியை முன்னறையில் உள்ள மர அலமாரியில் வைத்துவிட வேண்டும். மாலையில் பேசலாம், இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக, விருப்பமிருந்தால் அன்று எழுதியதிலிருந்து ஒரு பக்கம் படிக்கலாம், படித்ததைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. கடைசி விதி முதலில் எனக்கு விநோதமாகப் பட்டது. கருத்து வராது என்று தெரிந்தபின்தான் முடிக்காத பக்கங்களைத் துணிந்து எல்லோரும் எடுத்துவந்தார்கள்.

சமையல் பார்க்கும் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் கணவர் கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகில் ஆயிரங்கால் தூண்டிலோடு சுறாவுக்கும் சூரைக்கும் போகிறவர். போனால் திரும்ப ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். வந்த புதிதில் காலை ஐந்து மணிக்கு விழிப்புத் தட்டியதும் என் கால்கள் தாமாகச் சமையலறைக்குப் போய்விடும். தேங்காயைத் துருவவா, வெங்காயம் உரிக்கவா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். அக்கா கட்டன் சாயாவைக் கையில் கொடுத்து, "இதுக்கா மக்களே வீட்ட விட்டு வந்திய? போயி உங்க சோலியப் பாருங்க" என்று விரட்டுவார். வீட்டில் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பொங்கிப்போட்டு, பாத்திரம் கழுவி, மிச்சமிருக்கும் இரவில் மேசைக்கு வந்து உட்காரும் பெண்களுக்கு, அடுத்த வேளைச் சாப்பாடு என்ன என்ற கேள்வி மூளையின் ஒரு மூலையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓய்ந்த நாளில் ஒரே அமர்வில் ஒரு அத்தியாயம் முடித்தேன். கடல் செய்ததாக இதை நான் நினைக்கவில்லை. என் சோற்றை வேறொரு பெண் பொறுப்பேற்றுக்கொண்டதால் நடந்தது. அவருக்கு வீட்டுக்காரர் மாதச் சம்பளம் கொடுக்கிறார், விருந்தினர் இல்லாத மாதங்களிலும். அப்படி இல்லாவிட்டால் என் தனிமைக்கு இன்னொருத்தியின் இலவச உழைப்பு விலையாகியிருக்கும். அதில் உட்கார்ந்து எழுத எனக்கு மனம் வந்திருக்காது.

கடலைப் பற்றிக் கொஞ்சம். மேற்கே பார்த்த அறையில் சன்னலைத் திறந்தால் நேரே தண்ணீர். முதல் தடவை வருகிற எல்லோரும் அந்த அறையைத்தான் கேட்பார்கள். இரண்டாம் தடவை வருகிறவர்கள் கால்வாய்ப் பக்கத்து அறையைக் கேட்பார்கள். அங்கே சன்னலுக்கு வெளியே ஒரு ஆயினி மரமும் துணி காயப்போடும் கொடியும் தவிர வேறொன்றும் இல்லை. எழுதுகிறவர்களுக்குக் கடல் பார்த்த மேசை உதவாது என்பது என் உறுதியான கருத்து. அலையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட களைப்பும் நிறைவும் வந்துவிடுகின்றன; தாளில் ஒரு வரியும் இருக்காது. வரைகிறவர்களின் கதை வேறு. ஆனால் அவர்களுக்கும் உப்புக்காற்றோடு வழக்கு உண்டு: நீர்வண்ணத் தாள் ஈரத்தை வாங்கி நடுவில் உப்பிக்கொள்ளும், பூசிய வண்ணம் பொழுது சாயும்வரை காயாது. மடிக்கணினியின் துளைகளில் பச்சை பூத்துவிடும். வயலின் கொண்டுவந்த ஒரு பெண் கம்பிகளை ஒவ்வொரு நாளும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டிக்குள் அரிசி முடிச்சு ஒன்றை வைத்துப் பாதுகாத்துக்கொண்டிருந்தார்.

சத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் கேட்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். விடியுமுன் கோவில் மணி அடிக்கும். பிறகு ஒலிபெருக்கியில் பாட்டு. வெளிப்பொருத்து மோட்டார் பூட்டிய வள்ளங்கள் கரையேறும் இரைச்சல் அதற்குப் பின். கரைமடி இழுக்கிற நாட்களில் வீட்டுக்கு நேர் எதிரே இரண்டு வரிசை ஆட்கள், கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, மணலில் குதிகால் புதைய, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்ல, மணிக்கணக்கில் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். இரு வரிசைகளும் மெல்ல மெல்ல நெருங்கிவர, மடி கரையைத் தொடும்போது ஊரே ஓடிவரும். அதன்பின் ஏலம். ஏலம் கூறுகிறவர் தொகையைத் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிச் சொல்வார், வாங்க வந்திருப்பவர்கள் எல்லையின் இருபுறத்தாரும் என்பதால். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது வரைந்த கோடு மீனுக்கும் தெரியாது, மீன் கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடும் பெண்களுக்கும் பொருட்டில்லை. மலையாளத்திலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஏலச் சத்தம் இடையூறாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாவலில் வரும் ஒரு சந்தைக் காட்சியை அந்த மூச்சில்தான் தமிழில் பேசவைத்தேன்.

என்னைக் குலைப்பது சத்தமல்ல, என்னை நோக்கிவரும் கேள்வி. எத்தனை பேர் கூவினாலும் அது எனக்கானதல்ல என்று தெரிந்தால் வேலை ஓடும். ஒரு கைப்பேசி அதிர்ந்தால் நின்றுவிடும். ஊர்க்காரர்கள் அந்த வீட்டில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பதில்லை. அது தானாக வந்ததல்ல. தொடக்கத்தில் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னத்த எழுதுதிய?" என்று கேட்டவாறே நிற்பார்களாம். வீட்டுக்காரர் அவர்களைத் துரத்தவில்லை. முன்னறையில் இரண்டு அலமாரி நிறையக் கதைப் புத்தகங்களை வைத்து, மாலை நான்கு முதல் ஆறு மணி வரை அவர்களுக்குத் திறந்துவிட்டார். தங்கியிருப்பவர்கள் விரும்பினால் அந்த நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து படிக்கலாம். இப்போது காலை வேளையில் வெளியூர்ப் பையன் யாராவது மதிலோரம் பந்தடித்தால் இந்தப் பிள்ளைகளே போய் அவனை அதட்டி அனுப்புகிறார்கள். பங்குத்தந்தையிடமும் மீனவர் சங்கத்திலும் பேசி, வீட்டில் என்ன நடக்கிறது, என்ன நடக்காது என்று முதலிலேயே விளக்கிச் சொல்லியிருக்கிறார். கடற்கரையில் ஆட்களைக் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது, குளிக்க இறங்கும் இடத்தை ஊர்ப் பெண்களிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும், மது கூடாது என்பவை அந்தப் பேச்சின்போது ஊர் வைத்த நிபந்தனைகள்.

இன்னொரு விதி எழுதப்படாதது. அக்கா தான் முதல் நாளே சொல்லிவிடுவார். ஒக்கியைப் பற்றி யாரிடமும் நீங்களாகக் கேட்கக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தப் பக்கம் கடந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலான ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேர வழியில்லை. கணவனையோ மகனையோ இழந்த வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்து மூன்று வாரம் தங்கும் எழுத்தாளர், நோட்டுப் புத்தகத்தோடு அந்தத் திண்ணைகளில் போய் உட்காருவதை அக்கா அனுமதிப்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்கலாம், எழுதக் கூடாது என்பது அவர் தீர்ப்பு. இலக்கியத்துக்கு இது நட்டம் என்று ஒரு நண்பர் வாதாடினார். இருக்கட்டும் என்பதுதான் என் பதில்.

தனித்திருப்பதற்கு இந்த எல்லை நாட்டில் நெடிய மரபு உண்டு என்று பலர் நினைவூட்டுவார்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் குமரிப் பாறையில் தியானத்தில் இருந்தார். நாராயண குரு மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தவர். 1888-இல் நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நிறுவியவர். மலையாளத்திலும் வடமொழியிலும் மட்டுமல்லாமல் தமிழிலும் பாடியவர். அவர் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டை அந்த வரிசையில் வைக்கும் பேச்சு எனக்கு உவப்பில்லை. தவத்துக்குப் போகிறவர் திரும்பிவர வேண்டிய தேதியைக் குறித்துக்கொண்டு போவதில்லை. நாங்கள் பதிப்பாளர் கேட்ட தேதியைக் குறித்துக்கொண்டு, வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வழி செய்துவிட்டுப் போகிறோம். எங்களுக்கு நெருங்கிய உறவு சோழமண்டலம் ஓவியர் கிராமம்தான். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் பாட்டிக் முதலான கைவினைப் பொருட்களை விற்றுச் சேர்த்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பகலில் துணிக்கு மெழுகு வைத்துப் பிழைப்பை நடத்திக்கொண்டு, தங்கள் ஓவியத்தையும் விடாமல் வரைந்தார்கள். யாருடைய தயவையும் எதிர்பார்க்காத அந்தக் கணக்கு எனக்கு எந்தக் குகையையும்விட ஊக்கம் தருகிறது. அவர்கள் போன காலத்தில் வெறும் மணலாகக் கிடந்த அந்த இடத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெரிசல் இன்று சூழ்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

நீரோடி வீட்டின் கணக்கும் எளியதுதான். சாப்பாட்டுச் செலவைத் தங்குபவர்கள் கொடுக்கிறார்கள், முடியாதவர்கள் கொடுப்பதில்லை. டிசம்பர் கடைசியில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதில் ஓடு மாற்றும் செலவும் வெள்ளையடிக்கும் செலவும் தேறிவிடுகின்றன. விண்ணப்பம் என்றால் ஒரு கடிதமும், செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து பத்துப் பக்கங்களும். பரிந்துரைக் கடிதம் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கவலைப்பட வேண்டியது பணத்தைப் பற்றி அல்ல, மண்ணைப் பற்றி. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையோடு கடல் உள்ளே ஏறும். சூன், சூலை இரண்டு மாதமும் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது ஊரில் ஆண்கள் இருப்பார்கள், கரையோர வீடுகளிலிருந்து சாமான்களை அவர்கள் சேர்ந்து எடுத்து மேட்டுக்கு ஏற்றுவார்கள். வீட்டுக்காரரின் சிறுவயதில் முற்றத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டு வரிசைத் தென்னை நின்றதாம். இப்போது வரிசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் ஒரே ஒரு தென்னையின் கீழே கருங்கல் கொட்டியிருக்கிறது. ஓர் ஊரைக் காக்கக் கடலுக்குள் கற்களால் தூண்டில் வளைவு என்ற தடுப்பைப் போட்டால் மணல் அங்கே தங்கிவிடுகிறது, அடுத்த ஊரின் கரை அறுந்துபோகிறது. ஆகவே எல்லா ஊரும் தூண்டில் வளைவு கேட்கிறது. இந்த வீடு இன்னும் எத்தனை பருவமழை தாங்கும் என்று அவரிடம் கேட்டேன். கால்வாய்ப் பக்கத்து அறைகளைப் பலப்படுத்தத் தொடங்கிவிட்டேன் என்றார்.

இதைப் படித்துவிட்டுத் தாமும் இப்படி ஓர் இடம் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் கடலோரத்தில் மனை தேட வேண்டாம். 2019-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையும், மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் 50 மீட்டர் வரையும் புதிய கட்டுமானத்துக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் மீனவர் வலை காயப்போடும் மணலை எழுத்தாளருக்காக வேலி போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கொல்லங்கோட்டிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை, குடும்பத்தோடு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களின் பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, கொசுவலை அடித்து, நல்ல மேசையும் முதுகு வலிக்காத நாற்காலியும் வாங்கிப் போட்டு, சமைக்கிற பெண்ணுக்கு முறையான சம்பளம் பேசி முடித்துவிட்டால் மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீரோடி வீட்டுக்கு எழுத விரும்புபவர்கள் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினால் சேர்ப்பித்துவிடுகிறேன். ஆனியிலும் ஆடியிலும் வீடு மூடியிருக்கும். பங்குனியில் கொல்லங்கோட்டுப் பத்ரகாளி கோவிலில் தூக்கத் திருவிழா. அக்கம்பக்கமெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே திரளும், பேருந்தில் கால்வைக்க இடமிருக்காது, அமைதி வேண்டுபவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம். தையும் மாசியும் நல்ல மாதங்கள். அவற்றுக்குக் கார்த்திகைக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.